அத்தியாயம் 9: முற்றாத பாகு, நமத்துப்போகாத வில்லை

கடலை மிட்டாய் செய்யத் தெரிந்தவர்கள்தான் பீனட் பட்டரும் அரிசிச் சீரியலும் சேர்ந்த இந்தப் பண்டத்தை முதல் முறை கெடுப்பார்கள். நானும் அப்படித்தான் கெடுத்தேன். பாகு என்றால் முற்ற வேண்டும், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும் என்று கை பழகியிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். பீனட் பட்டரும் அரிசிச் சீரியலும் போட்டுக் கிளறித் தட்டில் கொட்டினேன். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தபோது தட்டில் ஒரு கருங்கல் பலகை இருந்தது. கத்தி இறங்கவில்லை. கடைசியில் அம்மிக் குழவியை எடுத்துத்தான் உடைத்தோம்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முக்கால் பங்கும் ஒரே பாடம்தான்: பாகு கொதிக்கத் தொடங்கும் நேரமே அதை அடுப்பிலிருந்து இறக்கும் நேரம். இது கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் கலப்பதும் பரப்புவதும் வெட்டுவதும்தான். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம். அடுப்பு எரியும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தட்டில் பரப்பித் துண்டு போடும் இனிப்பையெல்லாம் ‘பார்’ என்கிறார்கள். நம் ஊரில் ‘பார்’ என்றால் பிள்ளைகளை அனுப்பும் இடமில்லை. பர்ஃபிக்கும் தேங்காய் பர்ஃபிக்கும் ‘வில்லை போடுவது’ என்று நமக்கு நல்ல சொல் இருக்கிறது. இங்கும் வில்லை என்றே சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது

கெலாக் நிறுவனம் ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசிப் பொரி போன்ற காலை உணவை 1928-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இருந்த அந்த நிறுவனத்தின் சமையல் பிரிவில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்கள் 1939-இல் அதை வெண்ணெயும் மார்ஷ்மெல்லோவும் சேர்த்து உருக்கிய கலவையில் கிளறி வில்லை போட்டார்கள். கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு நிதி திரட்டுவதற்காக அது விற்கப்பட்டது. அடுப்பில் சுடாத சீரியல் வில்லைகளின் தாய் அதுதான்.

1960-களில் சீரியல் பெட்டியிலேயே இன்னொரு செய்முறை அச்சானது. மார்ஷ்மெல்லோ போய்ச் சர்க்கரையும் சோளப்பாகும் பீனட் பட்டரும் வந்தன. மேலே சாக்லேட்டையும் பட்டர்ஸ்காட்ச்சையும் உருக்கிப் பூசினார்கள். பெயர் ‘ஸ்காட்சரூ’. அயோவா போன்ற நடுமேற்கு மாநிலங்களில் தேவாலய விருந்திலும் பள்ளி விழாவிலும் இதைத் தட்டுத்தட்டாகப் பார்க்கலாம். அளவு மனப்பாடமாகிவிடும்: சீரியல் ஆறு கப், சர்க்கரை, சோளப்பாகு, பீனட் பட்டர் தலா ஒரு கப். நம் நாக்குக்கு அது திகட்டும். கீழே சர்க்கரையைக் குறைத்து, சிறிய தட்டுக்கு ஏற்றபடி அளவை மாற்றித் தந்திருக்கிறேன்.

தேவையானவை

20 செ.மீ. சதுரத் தட்டுக்கு, 16 வில்லைகள் வரும்.

அடித்தளத்துக்கு:
• அரிசிச் சீரியல் – 90 கிராம் (240 மி.லி. கப்பில் சுமார் மூன்றரை)
• சர்க்கரை – 75 கிராம் (6 மேசைக்கரண்டி)
• லிக்விட் குளுக்கோஸ் – 150 கிராம் (அரை கப்புக்குச் சற்றுக் குறைவு)
• தண்ணீர் – 2 மேசைக்கரண்டி
• பீனட் பட்டர் – 130 கிராம் (அரை கப்)
• உப்பு – இரண்டு சிட்டிகை

மேல்பூச்சுக்கு:
• டார்க் சாக்லேட் – 150 கிராம்
• தேங்காய் எண்ணெய் – 1 தேக்கரண்டி

இது போக, பட்டர் பேப்பர் ஒன்று, அடி கனத்த பாத்திரம் ஒன்று, மரக்கரண்டி, அடி தட்டையான கிண்ணம் அல்லது டம்ளர். எடை பார்க்கும் சிறு தராசு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சீரியலைக் கப்பில் அளந்தால் கை அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும்.

ஒவ்வொன்றும் ஏன்

லிக்விட் குளுக்கோஸ், கேக் சாமான் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும். கெட்டியான பசை போல இருக்கும். கரண்டியையும் விரலையும் நனைத்துக்கொண்டு எடுத்தால் ஒட்டாது. சர்க்கரையை மட்டும் பாகு காய்ச்சினால் ஆறியதும் பூத்துவிடும், அதாவது மறுபடி மணல் மணலாகும். குலாப் ஜாமூன் பாகில் நாம் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது அதைத் தடுக்கத்தான். இங்கே அந்த வேலையைக் குளுக்கோஸ் செய்கிறது. வில்லை நாலு நாளானாலும் வளைந்து கொடுப்பது இதனால்தான். குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் அதே எடைக்குத் தேன் சேர்க்கலாம். அப்போது தண்ணீர் வேண்டாம். தேனின் மணம் தூக்கலாக இருக்கும், வில்லையும் சற்று மெத்தென்று இருக்கும்.

பீனட் பட்டர் கடையில் இரண்டு விதம். ஒன்றில் எண்ணெய் பிரியாமலிருக்கக் கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். மற்றதில் கடலை மட்டும். மேலே எண்ணெய் மிதக்கும். இரண்டாவதை வாங்கினால் அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு அளந்தெடுங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் வில்லையில் எண்ணெய் வழியும். அடியில் உள்ளதை மட்டும் எடுத்தால் வறண்டு உதிரும்.

வீட்டிலேயே அரைப்பது எளிது. 150 கிராம் நிலக்கடலையைச் சிறு தீயில் வறுத்து, ஆறியபின் தோலைத் தேய்த்துப் புடைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எதையும் சேர்க்காதீர்கள். கசக்கிற கடலை ஒன்றிருந்தாலும் தட்டு முழுக்கக் கசக்கும். பூஞ்சைக் கடலை உடம்புக்கும் கெடுதல். ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகி ஜாரின் ஓரத்தில் ஒட்டும். அங்கே சலித்துப்போய்த் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. ஓரத்தை வழித்துவிட்டு, மிக்ஸி சூடேறினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி ஓட்டுங்கள். கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். அது வெளியே வந்ததும் தானே இளகி இட்லி மாவு போல வழியும்.

சீரியலுக்கு ஒரே ஒரு பரிசோதனை: இரண்டு மணியை விரலுக்கிடையில் நசுக்கினால் ‘படக்’ என்று உடைய வேண்டும். திறந்துவைத்த பாக்கெட் என்றால் அகலமான வாணலியில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் மூன்று நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்முறை

1. தட்டின் உள்ளே பட்டர் பேப்பரை விரியுங்கள். இரண்டு பக்கம் வெளியே தொங்கட்டும். பின்னால் வில்லையைத் தூக்க அதுதான் கைப்பிடி. சீரியலை ஒரு பெரிய பாத்திரத்தில் தயாராகக் கொட்டி வையுங்கள். பீனட் பட்டரையும் அளந்து பக்கத்தில் வையுங்கள். பாகு இறங்கியபின் எதையும் தேடி ஓட நேரமிருக்காது.

2. அடி கனத்த பாத்திரத்தில் சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர், உப்பு சேர்த்து மிதமான தீயில் வைத்துக் கிளறுங்கள். முதலில் கலங்கலாக இருக்கும். சர்க்கரை கரையக் கரையத் தெளியும். கரண்டியால் அடியைத் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது.

3. ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரும். பிறகு நடுவிலும் எழும். பரப்பு முழுவதும் குமிழிட்டதும் மனத்துக்குள் பத்து எண்ணி அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தைக் கீழே இறக்குங்கள். பதம் பார்க்க வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம்.

4. உடனே பீனட் பட்டரைச் சேர்த்து ஒரே சீராகும்வரை கலக்குங்கள். பாகின் சூடே அதை இளக்கிவிடும். இதை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்; ஏற்றினால் கடலை எண்ணெய் பிரிந்து தனியே நிற்கும்.

5. கலவையைச் சீரியல் மேல் ஊற்றி, அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். பொரி உருண்டைக்குக் கிளறுவது போல, மணி உடையாமல் எல்லாவற்றிலும் பாகு படர வேண்டும். உங்களுக்கு மூன்று நான்கு நிமிட அவகாசம் இருக்கிறது.

6. தட்டில் கொட்டிப் பரப்புங்கள். மேலே இன்னொரு பட்டர் பேப்பரை வைத்துக் கிண்ணத்தின் அடியால் மெதுவாகச் சமன் செய்யுங்கள். அதிரசம் தட்டுகிற அழுத்தம் போதும். சப்பாத்திக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுத்தால் சீரியல் நொறுங்கி, வில்லை அடர்ந்து கெட்டியாகும். மூலைகளை மட்டும் கொஞ்சம் கவனித்து அமுக்குங்கள். உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கும்.

கொதிக்கும் பாகு கொதிநீரை விடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டும் சுடும். இரண்டாம், மூன்றாம் படியில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மேலே பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையோ மாவோ பூச வேண்டாம்.

பதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம்

பாகு கொதிக்கும்போது நடப்பது ஒன்றே: தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும். ஆறியபின் பாகு அவ்வளவுக்கு அவ்வளவு இறுகும். 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சிய சர்க்கரைப் பாகு, தண்ணீரில் விட்டால் மெத்தென்ற உருண்டையாகும். 150 டிகிரியை எட்டினால் கண்ணாடி போல உடையும். கடலை மிட்டாய் நிற்பது அந்தக் கடைசிப் பதத்துக்குப் பக்கத்தில். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைக் கடித்தால் ‘கடக்’ என்று கேட்பது அதனால்தான். அங்கே மொறுமொறுப்பு பாகில் இருக்கிறது. இங்கே மொறுமொறுப்பு சீரியலில் இருக்கிறது. பாகு வெறும் பசை. பசை இளகியிருந்தால்தான் பல்லுக்குச் சீரியல் தெரியும்.

அப்படியானால் பாகிலுள்ள தண்ணீரைக் குடித்துச் சீரியல் நமத்துப்போகாதா என்று கேட்கலாம். அந்தத் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, எளிதில் விட்டுக்கொடுக்காது. கடலை எண்ணெயும் மணிகளைச் சுற்றி ஒரு போர்வையாகிறது. சீரியலை நமத்துப்போக வைப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஈரம்தான்: ஈரக் கரண்டி, ஈரத் தட்டு, மூடாத டப்பா, மழைக்காலக் காற்று.

சாக்லேட் பூச்சு

அடித்தளம் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே சாக்லேட்டை உருக்கிவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வைத்துக் கொதித்ததும் தீயைக் குறையுங்கள். அதன் வாயில் பொருந்தும் கிண்ணத்தில், நறுக்கிய சாக்லேட்டையும் தேங்காய் எண்ணெயையும் போடுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. முக்கால் பங்கு உருகியதும் இறக்கி, மீதியை அந்தச் சூட்டிலேயே கலக்கிக் கரையுங்கள். மைக்ரோவேவ் என்றால் 30 வினாடிக்கு ஒருமுறை நிறுத்திக் கலக்க வேண்டும்.

இங்கே எதிரி ஒரு சொட்டுத் தண்ணீர். கரண்டியில் ஒட்டியிருந்த ஈரமோ கிண்ணத்துக்குள் புகுந்த ஆவியோ போதும். பளபளப்பாக ஓடிய சாக்லேட் சட்டென்று திரிதிரியாகி மண் போலாகும். அப்படியானால் அதைப் பூச்சுக்கு விட்டுவிட்டுச் சூடான பாலில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உருகிய சாக்லேட்டை ஊற்றி, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் இறுகும். பேப்பரைப் பிடித்து வெளியே தூக்கி, பத்து நிமிடம் வெளியில் விட்டபின், கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தால் ஓரம் சுத்தமாக வரும். ஒரு வில்லையில் சுமார் 170 கலோரி இருக்கும். ஒன்றில் நிறுத்துவது நல்லது. இரண்டில் நிறுத்துவது வழக்கம்.

நம் வெயிலுக்கு

சாக்லேட்டிலுள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை, வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு உண்டு. அதற்கு மூன்று வழிகள். முதலாவது, தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவது. எண்ணெய் பூச்சை இன்னும் இளக்கும். இரண்டாவது, கேக் கடைகளில் ‘டார்க் காம்பவுண்ட்’ என்று விற்பதைப் பயன்படுத்துவது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்; சுவையில் நல்ல சாக்லேட்டுக்கு ஈடாகாது.

மூன்றாவது வழியைத்தான் கோடையில் நான் செய்கிறேன்: மேலே எதுவும் பூசுவதில்லை. இரண்டு மேசைக்கரண்டி கோகோ பவுடரைச் சலித்து, பீனட் பட்டரோடு சேர்த்துப் பாகில் கலந்துவிடுகிறேன். சாக்லேட் மணமும் கசப்பும் உள்ளேயே இருக்கும். டிபன் பாக்ஸில் வைத்தாலும் மூடியில் ஒட்டாது.

பொரியில் செய்ய

ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி மிஞ்சிவிட்டதா? அரிசிப் பொரியிலும் வில்லை நன்றாக வரும். ஆனால் பொரி எடை குறைந்தது, இடத்தை அடைக்கும். 90 கிராம் எடுத்தால் பாகு போதாது. 60 கிராம் போதும். நான்கு ஐந்து நிமிடம் வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடுவது இங்கே கட்டாயம். உப்புப் பொரி என்றால் செய்முறையில் உப்பை விட்டுவிடுங்கள். கார்ன்ஃபிளேக்ஸ் என்றால் 90 கிராமை எடுத்து ஒருமுறை கையால் லேசாக நொறுக்கிக்கொள்ளுங்கள்.

வெல்லத்தில் செய்ய விரும்பினால் 150 கிராம் பாகு வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, 50 கிராம் தேன் சேர்த்துக் காய்ச்சுங்கள். இங்கு மட்டும் ‘முதல் கொதியில் இறக்கு’ என்ற விதி செல்லாது. கரைக்க ஊற்றிய தண்ணீர் வற்ற வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலுக்கு மெத்தென்று உருள வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

எது தவறினால் எப்படித் தெரியும்

கல்லாக இறுகிவிட்டது: பாகு முற்றிவிட்டது. திருத்த முடியாது. உடைத்துப் பொடித்து ஐஸ்கிரீம் மேல் தூவுங்கள்.

வெட்டினால் உதிர்கிறது: சீரியல் அதிகம், அல்லது அமுக்கியது போதவில்லை. சாக்லேட் பூசுமுன் தெரிந்தால், ஒரு மேசைக்கரண்டி தேனை லேசாகச் சூடாக்கிக் கலந்து மறுபடி பரப்பலாம்.

எண்ணெய் கசிகிறது: பீனட் பட்டரைச் சேர்த்தபின் அடுப்பில் வைத்திருப்பீர்கள், அல்லது கலக்காமல் மேல் எண்ணெயோடு அளந்திருப்பீர்கள்.

சாக்லேட் தனியே கழன்று வருகிறது: அடித்தளம் முழுக்கக் குளிர்ந்தபின் பூசியிருக்கிறீர்கள். இளஞ்சூட்டில் பூசினால் பிடித்துக்கொள்ளும்.

சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்திருக்கிறது: உருகி மறுபடி இறுகியதில் கொழுப்பு மேலே வந்திருக்கிறது. கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம்.

வைத்துக்கொள்ள

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். வெளியில் நான்கு நாள், குளிர்சாதனப் பெட்டியில் பத்து நாள் வரை நன்றாக இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கடித்தால் கெட்டியாகத் தெரியும். கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிறந்தநாளுக்கோ பள்ளிக்கோ கொடுத்தனுப்பும் முன் கேட்டுவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். சாக்லேட் பூச்சுக்குள் கடலை இருப்பது பார்த்தால் தெரியாது. டப்பாவின் மேல் ‘நிலக்கடலை உள்ளது’ என்று எழுதி ஒட்டுவது நல்லது. தேன் சேர்த்ததை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கோதுமை, பார்லி ஆகாதவர்கள் சீரியல் பெட்டியில் மால்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் பார்லி மால்ட் உண்டு. அவர்களுக்குப் பொரிதான் தோது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். முதல் தட்டைச் செய்யும்போது, பாத்திரத்தை அடுப்பில் வைத்ததிலிருந்து பரப்பு முழுவதும் குமிழ் எழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். உங்கள் அடுப்புக்கும் உங்கள் பாத்திரத்துக்கும் உரிய எண் அது. அடுத்த முறை அந்த நிமிடத்தில் அடுப்படியில் நில்லுங்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.